கார்த்தஹேனாவில் நான்கு நாட்கள்: மதில் நகரத்துக்கு எவ்வளவு, தீவுகளுக்கு எவ்வளவு?

கேள்வி: மண்டபம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் மயாமி நகரில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குச் செல்கிறோம். அங்கே தங்கியிருக்கும் காலத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமாக நான்கு நாட்களை ஒதுக்கி, கொலம்பியாவின் கரீபியக் கரையில் உள்ள கார்த்தஹேனா நகரைப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். திருமணமான நாள் முதல் வேலை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என்றே காலம் ஓடிவிட்டதால், நாங்கள் இருவரும் தனியாகச் செல்லும் முதல் பயணம் இதுதான். ஆகவே அதை நன்றாகத் திட்டமிட வேண்டும் என்ற ஆவலில் இங்கே எழுதுகிறேன்.

பயண முகவர் ஒருவர் அனுப்பிய திட்டத்தில் இரண்டு நாட்கள் ரொசாரியோ தீவுகளுக்கும் வெண்மணல் கடற்கரைக்கும், ஒரு நாள் பொக்காகிராந்தே என்னும் உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த கடற்கரைப் பகுதிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குக் கிடைத்திருப்பது அரை நாள் மட்டுமே. என் மனைவி பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். அரை நாள் என்று கண்டதும் அவருடைய முகம் வாடிவிட்டது. எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்து, குருசடைத் தீவைப் பார்த்தபடியே வளர்ந்த நமக்கு, இன்னொரு பவளத் தீவில் இரண்டு நாட்களைச் செலவிடுவதில் என்ன புதுமை இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் அவ்வளவு தொலைவு சென்று அந்தக் கடலில் இறங்காமல் திரும்பினால் பின்னர் வருந்துவோமோ என்றும் தோன்றுகிறது.

எங்கே தங்கினால் நல்லது, அந்தக் கடலோர நகரில் வெயிலை எப்படிச் சமாளிப்பது, இறைச்சி உண்ணாமல் மீன் மட்டும் உண்ணும் என் மனைவிக்கு உணவு எளிதில் கிடைக்குமா, ஸ்பானிய மொழி தெரியாத ஒரு தம்பதி அங்கே அச்சமின்றி நடமாட முடியுமா என்பவற்றையும் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். அமெரிக்க விசா எங்களிடம் இருக்கிறது. கொலம்பியாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பதும் தெளிவாகவில்லை.

மறுமொழி: கீழக்கரைக் கப்பல்காரர்

தம்பி, வணக்கம். சரக்குக் கப்பலில் பணியாற்றிய காலத்தில் அந்தத் துறைமுகத்துக்குச் சென்றிருக்கிறேன் என்பதால் சில செய்திகளைச் சொல்ல முடியும்.

முதலில் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம், கொலம்பியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 180 நாட்களுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன் கொலம்பியத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருப்பதும் இன்றியமையாதது. கொலம்பியக் குடிவரவுத் துறையின் ‘செக்-மிக்’ என்னும் இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அதிலிருந்து விலகிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் வந்து இறங்குபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டத் தவறினால் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் நமது அரசுக்கு உண்டு. நீங்கள் மயாமியில் மேலும் சில வாரங்கள் தங்கிய பிறகே ஊர் திரும்புவதானாலும், திட்டங்கள் மாறக்கூடும் என்பதால் போட்டுக்கொண்டே செல்லுங்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுக சுகாதார அமைப்பிலும் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே போட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே மண்டபம் ஏறத்தாழ ஒன்பதேகால் பாகையிலும் கார்த்தஹேனா பத்தரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், சூரியன் நமக்குப் பழகிய சூரியன்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை மிகக் குறைவு. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று ஜனவரியில் வலுவாக இருப்பதால் மாலை வேளைகளில் மதிலின் மேல் நடப்பது இன்பமாக இருக்கும். அதே காற்றினால் பிற்பகலில் கடல் கொந்தளிக்கும். தீவுக்குச் செல்லும் விரைவுப் படகுகள் அலையின் மேல் மோதி மோதி வருவதைத் துறைமுகத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதுகுவலி உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. என் கருத்தைக் கேட்டால், தீவுகளை முற்றிலும் விட்டுவிட்டு நான்கு நாட்களையும் நகருக்கே கொடுத்துவிடலாம்.

கடல்வழியாக உள்ளே நுழைபவனுக்கு மட்டும் தெரியும் ஒரு செய்தி உண்டு. அந்த விரிகுடாவுக்கு இரண்டு வாய்கள். நகருக்கு அருகிலுள்ள அகன்ற வாயை 18-ஆம் நூற்றாண்டில் நீருக்கடியில் கற்சுவர் எழுப்பி ஸ்பானியர்கள் அடைத்துவிட்டார்கள். எதிரிக் கப்பல்கள் யாவும் தெற்கேயுள்ள பொக்காசிக்கா என்னும் குறுகிய வாய் வழியாகவே வர வேண்டும், அங்கே இருபுறமும் உள்ள கோட்டைகளின் பீரங்கிகளுக்கு இடையே சிக்க வேண்டும் என்பதே நோக்கம். பெரிய சரக்குக் கப்பல்கள் இன்றும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் செல்கின்றன. இடப்புறமும் வலப்புறமும் நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக நிற்கும் அந்தக் கோட்டைகளைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது, அதைத் திட்டமிட்டவர்களுக்குக் கடலோட்டம் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று வியப்பேன். பாம்பன் கால்வாயில் கப்பல் செலுத்துவதன் அருமை தெரிந்த நம்மவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

மறுமொழி: இராமேசுவரம் வாசகி

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். என் கணவருடன் அந்த நகருக்குச் சென்று வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கப்பல்கார ஐயா சொன்னவற்றில் தீவுகளை முற்றிலும் விடுவது குறித்து மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை பொக்காகிராந்தேயைத் தவிர்த்துவிடுங்கள். அது எந்த நாட்டுக் கடற்கரையிலும் காணக்கூடிய அடுக்குமாடி வரிசை. அங்கே மணலில் அமர்ந்தவுடன், கேட்காமலேயே தோளைப் பிடித்துவிட்டுப் பின்னர் பெருந்தொகை கேட்பவர்கள், சிப்பியைச் சுவைக்கக் கொடுத்துவிட்டு விலையைப் பிறகு சொல்பவர்கள் என ஓய்வு என்பதே இல்லை. மதிலுக்குள் இருக்கும் சான் தியேகோ பகுதியிலோ, மதிலுக்குச் சற்று வெளியே உள்ள கெத்செமனி பகுதியிலோ தங்கினால், காலையில் கதவைத் திறந்தாலே பழைய நகரத்தில் நிற்பீர்கள். கெத்செமனி ஒரு காலத்தில் கைவினைஞர்களும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களும் வாழ்ந்த எளிய குடியிருப்பு. 1811 நவம்பர் 11 அன்று கார்த்தஹேனா ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை அறிவித்தபோது ஆளுநர் மன்றத்தின் முன் திரண்டு நெருக்கியவர்கள் அந்தத் தெருக்காரர்களே. இன்றும் மாலையில் திரினிதாத் தேவாலயத்தின் முன்புள்ள சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாட, முதியவர்கள் படிக்கட்டில் அமர்ந்து பேசுகிறார்கள். இரவு வெகுநேரம் இசை ஒலிக்கும் என்பதால் சதுக்கத்தை ஒட்டிய அறையைத் தவிர்த்து, இரண்டு தெரு தள்ளி எடுங்கள்.

உணவுக்குச் சிறிதும் கவலை வேண்டாம். அண்ணி மீன் உண்பவர் என்றால் அந்தக் கரை அவருக்கு நன்றாகவே ஒத்துப்போகும். நம் சங்கராவைப் போன்ற சிவந்த மீனை முழுதாகப் பொரித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றுடனும், பச்சை வாழைக்காயைத் தட்டிப் பொரித்த வட்டுகளுடனும் வைக்கிறார்கள். அந்தத் தேங்காய்ச் சோறு சற்று இனிப்பாகவும் பழுப்பு நிறமாகவும் இருக்கும். தேங்காய்ப்பாலை நீர் வற்றி எண்ணெய் பிரிந்து கசடு சிவக்கும் வரை காய்ச்சிய பிறகே அரிசியைப் போடுவதுதான் காரணம் என்று சமைத்த அம்மாவே காட்டினார். சோள மாவு அடையைப் பொரித்து, வாயைத் திறந்து முட்டையை உள்ளே ஊற்றி மீண்டும் பொரிக்கும் ‘அரேபா தே உவேவோ’ காலைச் சிற்றுண்டிக்கு ஏற்றது. அதில் சில இடங்களில் கொத்திறைச்சியும் சேர்ப்பதால் கேட்டு வாங்குங்கள். மரவள்ளிக்கிழங்கு உருண்டைகளிலும் இறைச்சி இருக்கும். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அந்த இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மணிக்கூண்டு வாயிலை அடுத்த வளைவுகளின் கீழே தேங்காய், பால், புளி ஆகியவற்றால் செய்த மிட்டாய்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வைத்து விற்கும் பெண்களிடம் ஒவ்வொன்றிலும் சிறிது வாங்கிச் சுவையுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மதிலுக்குள்ளும் கெத்செமனியின் முதன்மைத் தெருக்களிலும் இரவு பத்து மணிக்குக்கூடக் குடும்பங்கள் நடமாடுகின்றன. நம்மூரில் திருவிழாக் கூட்டத்தில் எவ்வளவு எச்சரிக்கையாக இருப்போமோ அவ்வளவு போதும். தங்கச் சங்கிலியை மயாமியிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள், கைபேசியைத் தெருவோரத்தில் நீட்டிப் பிடித்தபடி நிற்காதீர்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது என்பதால் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். விமான நிலையம் பழைய நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் பெரிய தொகை ஆகாது. லா போப்பா குன்றின் உச்சியிலுள்ள மடத்துக்கு மட்டும் நடந்து செல்ல வேண்டாம், காத்திருந்து திரும்பக் கொண்டுவரும் வண்டியாகப் பேசிச் செல்லுங்கள்.

இனித் தீவு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கட்டாயம் செல்லுங்கள். ஆனால் முகவர் சொல்லும் வெண்மணல் கடற்கரையில் நாற்காலிக்கும் குடைக்கும் பணம் கொடுத்து நெரிசலில் அமர்வதைவிட, ரொசாரியோ கூட்டத்தில் பெரிய தீவான இஸ்லா கிராந்தேக்குச் செல்வது மேல். அங்கே ஊர்மக்களே அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் அழைத்துச் செல்கிறார்கள். அந்தக் கடற்பகுதி 1977 முதல் தேசியப் பூங்கா. நம் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து அமைத்த கடல்வாழ் உயிரினப் பூங்காவில் பெரும்பாலான தீவுகளில் நாம் காலடி வைக்க முடியாது. அங்கோ தீவில் ஊர் இருக்கிறது, விடுதி இருக்கிறது, பவளத்தின் மேல் நீந்தவும் விடுகிறார்கள். அதனால் அந்தப் பவளம் பட்டிருக்கும் பாட்டையும் கண்ணால் பார்ப்பீர்கள். நம் தீவுகளைப் பூட்டி வைத்திருப்பது சரியா என்று நாம் அடிக்கடி வாதிடுகிறோமே, அந்த வாதத்துக்கு அங்கே ஒரு கண்கூடான பாடம் இருக்கிறது. படகுத்துறையில் காலை எட்டு மணி அளவில் இருக்க வேண்டும். துறை வரியையும் பூங்காக் கட்டணத்தையும் படகுக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக வாங்குவது வழக்கம். காற்று எழும் முன் திரும்பும் படகாகத் தேர்ந்தெடுங்கள், உடைமைகளுக்கு நீர் புகாத பை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: இராமநாதபுரம் வரலாற்று ஆசிரியர்

வணக்கம். வரலாறு கற்பிக்கும் சகோதரி ஒருவர் அரை நாள் திட்டத்தைக் கண்டு முகம் வாடினார் என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருடைய வருத்தம் நியாயமானது. 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற அந்த நகரை அரை நாளில் பார்ப்பது இயலாத செயல்.

மதிலை முதன்முதலாக நெருங்கும்போது இருவரும் கல்லின் அருகே சென்று பாருங்கள். அதில் பெரும்பகுதி நாம் முருகைக்கல் என்று சொல்லும் பவளக் கல். பாம்பனிலும் வேதாளையிலும் பழைய வீட்டுச் சுவர்களிலும், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரிலும் நாம் காணும் அதே வரிகளும் துளைகளும் அங்கேயும் தெரியும். மூளைப் பவளத்தின் சுருள்களை விரலால் தடவிப் பார்க்கலாம். கடலோரத்தில் கருங்கல் கிடைக்காத இரண்டு கரைகள், கையருகே இருந்த கடலிலிருந்தே கல்லையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டன. நம்மிடம் அது வீடும் வழிபாட்டுத் தலமும் ஆயிற்று, அங்கே பேரரசின் காவல் ஆயிற்று.

காவல் தேவைப்பட்டதற்குக் காரணம் பொன்னும் வெள்ளியும். 1533-இல் பெத்ரோ தே எரேதியா நிறுவிய அந்த நகர், தென்னமெரிக்காவின் செல்வம் ஸ்பெயினுக்குக் கப்பலேறும் இடங்களுள் முதன்மையானதாக ஆயிற்று. 1586-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் நகரைக் கைப்பற்றி, வாரக்கணக்கில் தங்கி, வீடுகளை எரித்து, 1,07,000 தூக்கத் நாணயங்களை மீட்புப் பணமாகப் பெற்ற பிறகே வெளியேறினார். அதன் பின்னர்தான் இத்தாலியப் பொறியாளர் பவுத்திஸ்தா அந்தோனெல்லி திட்டமிட, மதில் கட்டும் பணி தொடங்கி, இரண்டு நூற்றாண்டுகள் நீண்டு 1796-இல் நிறைவடைந்தது.

சான் பெலிப்பே கோட்டைக்குக் காலையில் திறக்கும் நேரத்திலேயே செல்லுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்மேட்டில் நிழலே கிடையாது. 1741-இல் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் ஏறத்தாழ 180 கப்பல்களுடனும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடனும் வந்து முற்றுகையிட்டபோது, ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து ஒரு கையும் செயலிழந்திருந்த பிளாஸ் தே லேசோ, சில ஆயிரம் வீரர்களுடனும் ஆறு போர்க்கப்பல்களுடனும் நகரைக் காத்தார். வெற்றி உறுதி என்று நம்பிய இங்கிலாந்தில், லேசோ மண்டியிடுவது போன்ற பதக்கங்களைக்கூட முன்னதாகவே வார்த்துவிட்டார்கள். முற்றுகையை முறித்ததில் வாளுக்கு இருந்த பங்கு கொசுவுக்கும் இருந்தது. மஞ்சள் காய்ச்சலில் ஆங்கிலேய வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கப்பல்கார ஐயா வலியுறுத்திய தடுப்பூசி அதே நோய்க்கானதுதான். இன்று நாம் காணும் பிரம்மாண்டமான கோட்டை பெரும்பாலும் 1762-க்குப் பின் அந்தோனியோ தே அரேவலோ விரிவாக்கியது என்பதையும், லேசோ காத்தது அதைவிடச் சிறியது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு சுரங்கப் பாதைகளில் நடந்தால் கட்டடம் தெளிவாக விளங்கும்.

ஆனால் என் வேண்டுகோள் வேறு. கோட்டையையும் வீரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மணிக்கூண்டு வாயிலைக் கடந்ததும் வரும் முக்கோணச் சதுக்கம், இன்று மிட்டாய்க் கடைகளும் விளக்குகளுமாக இருக்கும் அந்த இடம், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை விற்ற சந்தை. ஸ்பானிய அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குவதற்கு அனுமதிக்கப்பட்ட முதன்மைத் துறைமுகங்களுள் கார்த்தஹேனாவும் ஒன்று. மதிலின் கற்களைச் சுமந்தவர்களும் அவர்களே. அங்கிருந்து சற்று நடந்தால் பெத்ரோ கிளாவேர் தேவாலயம் வரும். 1610-இல் அந்த நகருக்கு வந்து, 1654-இல் இறக்கும் வரை, கப்பலின் அடித்தட்டில் நோயுடனும் பசியுடனும் கிடந்தவர்களுக்கு மருந்தும் நீரும் கொண்டு சென்ற இயேசு சபைத் துறவி அவர். அவர் வாழ்ந்த சிறிய அறையையும், பலிபீடத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ள அவருடைய எலும்புகளையும் காணலாம். அவர் வந்த அதே 1610-இல்தான், கத்தோலிக்க நெறியிலிருந்து விலகியவர்கள் என்று கருதியவர்களைத் தண்டித்த சமய விசாரணை மன்றமும் அங்கே நிறுவப்பட்டது. இந்த இரண்டு கட்டடங்களையும் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே சமயத்தின் பெயரால் ஒரே நகரில் நடந்த இரண்டு வேறு செயல்களும் மனத்தில் நன்றாகப் பதியும். சகோதரி தம் மாணவர்களுக்குச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

தீவுக்கு என்று வைத்திருக்கும் இரண்டாவது நாளை சான் பசிலியோ தே பலேங்கேக்குக் கொடுங்கள். நகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஊர், தப்பி ஓடிய அடிமைகள் தாமே அமைத்துக்கொண்டு, ஸ்பானிய ஆட்சியுடன் போரிட்டு, பின்னர் உடன்படிக்கையும் செய்துகொண்டது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெங்கோஸ் பியோஹோவை 1621-இல் கார்த்தஹேனாவில் தூக்கிலிட்டார்கள். ஊர் நிலைத்துவிட்டது. ஸ்பானியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவான அவர்களுடைய மொழி இன்றும் வழக்கில் இருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ அந்த ஊரின் பண்பாட்டை மனித குலத்தின் மரபாக அறிவித்தது. பழைய நகரின் தெருக்களில் பல நிற உடையுடன் தலையில் பழத்தட்டுச் சுமந்து நிற்கும் பெண்களுக்குப் ‘பலேங்கேரா’ என்ற பெயர் கொடுத்ததும் அந்த ஊரே. அவர்களைப் படம் எடுக்க விரும்பினால், முதலில் பேசி, உரிய தொகையைக் கொடுத்து, பழமும் வாங்கிய பிறகு எடுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு.

மண்டபம் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் கடிதத்தை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பலேங்கே ஊருக்குச் செல்வதில் அவர் உறுதியாகிவிட்டார். முகவரின் திட்டத்தை மறுத்து, கெத்செமனியில் நாங்களே அறை பார்க்கிறோம். இன்னும் ஒரே ஐயம்: பலேங்கேக்கு நாங்களாகவே செல்வதா, வழிகாட்டியுடன் செல்வதா? கோட்டை, தீவு, பலேங்கே ஆகியவற்றை எந்த வரிசையில் வைப்பது?

மறுமொழி: இராமேசுவரம் வாசகி

அண்ணா, பலேங்கேக்கு அந்த ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் செல்வதே நல்லது. பணமும் ஊருக்குப் போய்ச் சேரும், வீட்டு முற்றங்களுக்குள் அழைத்துச் செல்லவும் அவர்களால்தான் முடியும். ஆங்கிலம் பேசுபவர் வேண்டும் என்று முன்கூட்டியே தங்குமிடத்தில் சொல்லிவையுங்கள். மயாமியிலிருந்து நேர் விமானம் மூன்று மணி நேரத்துக்குள் சென்றுவிடும் என்பதால் முதல் நாள் மாலையே மதிலின் மேற்குப் பக்கம் நடக்க நேரம் கிடைக்கும். சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க ஐந்தரை மணிக்குள் அங்கே இருங்கள். இரண்டாம் நாள் காலையில் கோட்டையும், வெயில் தாழ்ந்த பிறகு கிளாவேர் தேவாலயமும் விசாரணை மன்ற மாளிகையும் இருக்கட்டும். மூன்றாம் நாள் பலேங்கே. தீவை எந்த நாளுக்கும் இப்போதே கட்டிவைக்காதீர்கள். ஜனவரியில் காற்று மிகுந்தால் துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளை நிறுத்திவிடுவது உண்டு. முதல் நாள் மாலை தங்குமிடத்தில் காற்று நிலவரத்தைக் கேட்டு, அமைதியான நாளுக்குப் படகைப் பதிவு செய்துவிட்டு, மற்ற இரண்டையும் அதற்கேற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள். மயாமிக்குத் திரும்பும் நாளில் மட்டும் தீவுப் பயணம் வைக்கவே வேண்டாம்.